நீலப் பெட்டியைச் சுமக்கச் சொல்லாதீர்கள்

திருப்பூர், அவிநாசி, பல்லடம், மங்கலம் பக்கத்துப் பனியன் கம்பெனிகளுக்கும் நிட்டிங் யூனிட்டுகளுக்கும் டைமர் பெட்டி, போன் ஸ்விட்ச், சோலார் கன்ட்ரோல் என்று கட்டிக் கொடுக்கும் தம்பி, தங்கைகளுக்கு,



உங்களில் சிலரை எனக்கு நேரில் தெரியும். பாலிடெக்னிக் முடித்தவர்கள், இன்ஜினியரிங் படித்துவிட்டு அப்பாவின் பவர் டேபிளைப் பார்த்துக்கொள்பவர்கள், வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டவர்கள். நான் முப்பது வருடமாக இந்த ஊரில் பேனல் கட்டுகிறவன். ஸ்டார்ட்டரும் கான்டாக்டரும்தான் எனக்குச் சோறு போட்டவை. நிரல் எழுதி, போனைத் தொட்டு மெஷினை நிறுத்தும் உங்கள் வித்தை எனக்கு வராது. முதல்முறை பார்த்தபோது மலைத்துப் போனேன். அந்த மலைப்பில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லத்தான் இந்த மடல்.

2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியதிலிருந்து நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் யூனிட் கணக்குத்தான் பேச்சு. நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் குறைக்கச் சொல்லி 2023 செப்டம்பரில் சிறுதொழில்காரர்கள் ஒரு நாள் கதவடைத்தது உங்களுக்கும் நினைவிருக்கும். உங்கள் பெட்டிகளுக்குக் கிராக்கி வந்தது அதற்குப் பிறகுதான். உச்ச நேரத்தில் கம்பிரசரை நிறுத்த வேண்டும், வெயில் இருக்கும்போது தண்ணீர் மோட்டார் ஓட வேண்டும், ஆள் இல்லாத ஹாலில் ஃபேன் அணைய வேண்டும். எல்லாம் தேவையான வேலைகள். இரவு ஷிப்ட் ஓட்டித்தான் பிழைக்க முடியும் என்று இருக்கிற சின்னக் கம்பெனிக்கு மாதம் சில ஆயிரம் மிச்சமானால் அது பெரிய தொகை.

அப்படி ஒரு பெட்டியை ஒரு கம்பெனியில் பார்த்தேன். 1 எச்.பி. சிங்கிள் பேஸ் கம்பிரசர். சாயங்காலம் ஆறு மணிக்கு நிறுத்தி, பத்து மணிக்குத் திறந்துவிடும் டைமர். கட்டிய தம்பி அதைப் பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்குள் அழகாக அடக்கியிருந்தான். "பாருங்ணா" என்று போனைத் தொட்டான், கம்பிரசர் நின்றது. முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

பதினைந்து நாளில் அந்தக் கம்பெனியில் ஒரு ஹெல்பர் பையனுக்கு இரண்டு விரல் நுனி போய்விட்டது. பெல்ட் தளர்ந்து சத்தம் வருகிறது என்று சாயங்காலம் ஏழு மணிக்குப் பார்க்கப் போயிருக்கிறான். போனில் 'ஆஃப்'. கம்பிரசரும் ஓடவில்லை. இரண்டும் ஒத்துப்போனதால் தைரியமாகப் பெல்ட் மூடியைக் கழற்றிக் கையை வைத்திருக்கிறான். உண்மையில் டப்பாவுக்குள் ரிலேயின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. மோட்டாருக்குப் போகும் கரண்ட் நிற்கவே இல்லை. தொட்டியில் காற்று நிறைந்திருந்ததால் பிரஷர் ஸ்விட்ச் மட்டும் மோட்டாரைப் பிடித்து வைத்திருந்தது. எங்கோ ஒரு குழாயில் காற்று கசிந்து அழுத்தம் இறங்கியது. பிரஷர் ஸ்விட்ச் தன் வேலையைச் செய்தது.

மறுநாள் அந்த டப்பா என் மேசைக்கு வந்தது. நீலநிற ரிலேயை அறுத்துப் பார்த்தேன். கடுகு அளவு முனை இரண்டு, உருகி ஒன்றாகிக் கிடந்தன. கட்டிய தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "10 ஆம்பியர்னுதானுங்ணா போட்டிருக்குது, கம்பிரசர் 7 ஆம்பியர்தானுங்களே" என்றான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு அன்று சொன்ன பதிலை இன்னும் விரிவாக உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

ரிலேயின் மூடியில் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சடித்திருப்பது ஹீட்டர் மாதிரி வெறும் தடைச் சுமைக்கு. அதே ரிலேயின் தரவுத்தாளை எடுத்துப் பாருங்கள். சுருள் உள்ள சுமைக்கு 3 ஆம்பியர், 5 ஆம்பியர் என்றுதான் இருக்கும், அதுவும் 120 வோல்ட்டில். நமக்கு வருவது 230. கம்பிரசர் ஓடும்போது 6, 7 ஆம்பியர்தான் எடுக்கும். கிளம்பும்போது? நின்றுகொண்டிருக்கும் மோட்டாரைச் சுழலவைக்க அந்த முதல் நொடியில் ஆறு மடங்கு வரை இழுக்கும். 40 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிலேயின் முனைகள் மூடும்போது ஒரே அடியாய் மூடுவதில்லை, தட்டித் தட்டித்தான் உட்காரும். அந்த ஒவ்வொரு தட்டலிலும் பொறி. பொறியில் வெள்ளிப் பூச்சு உருகும், உருகிய இடத்தில் முனைகள் வந்து உட்காரும், அப்படியே ஆறும். அடுத்த முறை பிரிக்க வேண்டிய ஸ்பிரிங், பேனா ரீஃபில் ஸ்பிரிங்கை விடச் சன்னம். முதல் நாளே ஒட்டிவிட்டால் பரவாயில்லை, வேலையை ஒப்படைக்கும்போதே தெரிந்துபோகும். ஆயிரம் தடவை நன்றாக வேலை செய்துவிட்டு ஆயிரத்தோராவது தடவை ஒட்டுவதால்தான் அது ஆபத்து.

மோட்டார் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். செக்கிங் ஹாலில் இருபது எல்.இ.டி. டியூப் 400 வாட் கூட வராது, 2 ஆம்பியருக்கும் குறைவு. ஆனால் ஒவ்வொரு டியூபின் டிரைவருக்குள்ளும் ஒரு கெபாசிட்டர் காலியாகக் காத்திருக்கிறது. ஸ்விட்ச் போட்ட கணத்தில் எல்லாம் ஒன்றாக நிரம்பப் பாயும். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும் அந்தப் பாய்ச்சல் பல பத்து ஆம்பியருக்குப் போகும். தையல் மெஷினில் பழைய கிளட்ச் மோட்டாரை எடுத்துவிட்டு சர்வோ மோட்டார் போட்டிருக்கிறார்களே, அதன் கன்ட்ரோல் பெட்டிக்கும் இதே குணம்தான். பவர் ஃபேக்டர் கெபாசிட்டர் பேங்கை ரிலே போர்டில் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கும்பிட்டுக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். ஏற்கனவே நிறைந்திருக்கும் கெபாசிட்டருக்குப் பக்கத்தில் காலிக் கெபாசிட்டரைச் சேர்த்தால் ஒன்று மற்றொன்றுக்குள் கொட்டும் வேகத்தைச் சாதாரணக் கான்டாக்டரே தாங்காது. அதற்கென்று, முதலில் ஒரு தடைக்கம்பி வழியாக மெல்ல விட்டுப் பிறகு முழுதாக மூடும் கெபாசிட்டர் டியூட்டி கான்டாக்டர் தனியாக விற்கிறது.

ரிலே என்ற சாமான் எதற்காகப் பிறந்தது என்று யோசித்தால் இதெல்லாம் புரிந்துவிடும். 1830களில் அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி செய்து காட்டினார். தந்திக் கம்பி மைல் கணக்கில் நீளும்போது மின்னோட்டம் களைத்துவிடும். களைத்துப்போய் வந்து சேர்கிற அந்தச் சின்ன ஓட்டம் ஒரு காந்தத்தை அசைக்கும், காந்தம் அடுத்த பேட்டரியைத் திறந்துவிடும், புதுத் தெம்போடு செய்தி மேலே போகும். வழியில் குதிரை மாற்றிக்கொண்டு கடிதம் கொண்டுபோன முறைக்கு இருந்த பெயரையே இதற்கும் வைத்தார்கள். நம் மொழியிலும் அதற்குச் சொல் உண்டு. எங்கள் தலைமுறை வானொலியில் செய்திக்கு முன்னால் "டெல்லி அஞ்சல்" என்று கேட்டு வளர்ந்தது. அஞ்சல்தான் ரிலே. அஞ்சல்காரர் சேதியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். நெல் மூட்டையை அவர் தலையில் ஏற்றக் கூடாது.

மூட்டை தூக்கப் பிறந்தது கான்டாக்டர். ஏ.சி.-3 என்று வகை போட்டு வரும் 9 ஆம்பியர் கான்டாக்டர், மூன்று பேஸில் 5 எச்.பி. மோட்டாரை வருடக்கணக்கில் போட்டு எடுக்கும். ஒவ்வொரு கம்பியையும் இரண்டு இடத்தில் துண்டிக்கும், பொறி அணைய அறை வைத்திருக்கும், ஸ்பிரிங்கும் முரட்டு ஸ்பிரிங். அதன் காயிலுக்கு என்ன வேண்டும் தெரியுமா? மூடும் கணத்தில் 230 வோல்ட்டில் 0.3 ஆம்பியர், மூடியபின் அதில் எட்டில் ஒரு பங்கு. உங்கள் நீலப் பெட்டிக்கு அது சுமையே இல்லை. உங்கள் நிரல் ரிலேயிடம் சொல்லட்டும், ரிலே கான்டாக்டர் காயிலிடம் சொல்லட்டும், கான்டாக்டர் மோட்டாரைத் தூக்கட்டும். காயிலின் இரு முனைக்கும் குறுக்கே 100 ஓம் தடையும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்-2 வகைக் கெபாசிட்டரும் தொடராகச் சேர்ந்த ஒரு ஸ்நப்பர் போட்டுவிட்டால், காயில் விடும்போது கிளம்பும் உதையும் அடங்கும், உங்கள் போர்டு காரணமில்லாமல் ரீசெட் ஆவதும் நிற்கும். அதை ரிலே முனைக்குக் குறுக்கே போடுகிறார்கள் சிலர். ரிலே திறந்திருக்கும்போதும் அந்த வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசிந்து, சின்னக் கான்டாக்டர் விட மனமில்லாமல் முனகிக்கொண்டே இருக்கும். காயிலுக்குக் குறுக்கேதான் போட வேண்டும்.

இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. காங்கயம், தாராபுரம், பல்லடம் தோட்டங்களில் போர்வெல் மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டர் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. வீட்டிலிருந்தே மிஸ்டு கால் கொடுத்து மோட்டார் போட்ட அப்புச்சிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டிக்குள்ளும் உங்கள் ரிலே மாதிரி சின்ன ரிலேதான். ஆனால் அது மோட்டாரைத் தொடாது. ஏற்கனவே இருக்கிற ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனையும் சிவப்புப் பட்டனையும் ஒரு விரல் அமுக்குவதற்குப் பதில் அமுக்கும், அவ்வளவுதான். ஓவர்லோட் ரிலேயும் சிங்கிள் பேசிங் காவலும் இருந்த இடத்திலேயே இருக்கும். தோட்டத்தில் சரியாகச் செய்ததைக் கம்பெனிக்குள் வந்ததும் ஏன் கைவிட்டோம்?

அந்தப் பையனின் விரலுக்கு வருகிறேன். கான்டாக்டர் போட்டிருந்தால் மட்டும் அவன் தப்பித்திருப்பான் என்று என்னால் சொல்ல முடியாது. கான்டாக்டரும் என்றாவது ஒட்டும். போனில் தெரிந்த 'ஆஃப்' என்பது நாம் போட்ட கட்டளை. நடந்ததா இல்லையா என்று யாரும் திரும்பிப் பார்த்துச் சொல்லவில்லை. கான்டாக்டரின் பக்கவாட்டில் ஒரு துணை முனை இருக்கும், பெரிய முனைகளோடு சேர்ந்து அசையும். அதிலிருந்து இரண்டு கம்பி எடுத்து உங்கள் போர்டுக்குத் திரும்பக் கொடுங்கள். நிறுத்தச் சொல்லியும் அது விடவில்லை என்றால் போனில் சிவப்பாகக் கத்தட்டும்.

உங்கள் மாடியில் சோலார் இருந்தால், காலையில் வெயில் ஏறும் நேரத்தில் இன்வெர்ட்டர் பக்கத்தில் போய் நில்லுங்கள். டக், டக் என்று சத்தம் கேட்கும். மின்வாரியக் கம்பியோடு சேருவதற்கு முன் அது தன் ரிலேக்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கிறது. ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரிலே வைத்திருப்பார்கள். ஒன்று ஒட்டினாலும் மற்றது பிரிக்கும். ஒட்டியது தெரிந்தால் அன்றைக்கு அது கம்பியில் சேராது, திரையில் பிழை காட்டிவிட்டு நிற்கும். லட்சக்கணக்கில் இன்வெர்ட்டர் செய்கிறவர்களே ரிலே ஒட்டும் என்று நம்பித்தான் வடிவமைக்கிறார்கள். தினமும் காலையில் சந்தேகப்படுகிறார்கள். நாம் டிபன் டப்பாவுக்குள் ஒரே ஒரு ரிலேயை வைத்து மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாமா?

அப்புறம், பெல்ட்டில் கை வைக்கும் முன் மெயினை இறக்கிப் பூட்டுப் போடுவது. போனில் என்ன தெரிந்தாலும் சரி. நீங்கள் பெட்டி மாட்டும் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும், கையால் திருப்பிப் பூட்டக்கூடிய ஒரு ஐசோலேட்டர் இல்லாமல் வேலையை ஒப்படைக்காதீர்கள். அவசரத்தில் அமுக்கும் சிவப்புக் காளான் பட்டனும் உங்கள் நிரல் வழியாகப் போகக் கூடாது. காயில் கம்பியை நேராகத் துண்டிக்க வேண்டும்.

கரண்ட் போய்த் திரும்பி வரும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ஸ்டார்ட்டரில் நோ-வோல்ட் காயில் என்று ஒன்று உண்டு. கரண்ட் போனால் விட்டுவிடும், கரண்ட் வந்தாலும் யாராவது வந்து பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் ஓடும். கரண்ட் போன இடைவெளியில்தான் சிக்கிய நூலை எடுக்கவும், ஊசி மாற்றவும், பெல்ட் பார்க்கவும் கை உள்ளே போகும் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. உங்கள் போர்டு கரண்ட் வந்ததும் விழித்து, "கடைசியாக ஓடிக்கொண்டுதானே இருந்தது" என்று தானாகவே மோட்டாரைப் போட்டுவிடும். நிரலில் ஒரே வரி மாற்றினால் போதும், விழிக்கும்போது எல்லாம் 'ஆஃப்' என்று. அதற்கும் முன்னால் ஒரு சிக்கல் இருக்கிறது. விலைமலிவான ரிலே போர்டு பலவற்றில் சிக்னல் கால் (பின்) தாழ்ந்தால்தான் ரிலே பிடிக்கும். உங்கள் வைஃபை போர்டு விழிக்கும் அரை நொடியில் சில கால்கள் தாமாக ஏறி இறங்கும். அந்த அரை நொடியில் ரிலே படபடக்கும். எந்தக் கால் விழிக்கும்போது அமைதியாக இருக்கிறது என்று பார்த்து அதைத்தான் எடுக்க வேண்டும். கான்டாக்டரைத் துணை முனையால் தாங்கவிட்டு, ஆள் பட்டன் அமுக்கியே தொடங்கும்படி கட்டிவிட்டால் இந்தக் கவலையே இல்லை. உங்கள் ரிலே நிறுத்த மட்டும் செய்யட்டும். கையும் துணியும் போகிற மெஷினுக்கு அது போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கெஞ்சவில்லை, கண்டிப்பாகவே சொல்கிறேன். ஈ.பி., ஜெனரேட்டர் மாற்றிக்கொடுக்கும் வேலையை இரண்டு ரிலே வைத்துச் செய்யாதீர்கள். 2012இல் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது நம் ஊரில் கடன் வாங்கியாவது ஜெனரேட்டர் வாங்காத கம்பெனி இல்லை. அவை இன்னும் இருக்கின்றன. இரண்டு ரிலேயில் ஒன்று ஒட்டியிருக்கும்போது மற்றது மூடினால் ஜெனரேட்டர் கரண்ட் சர்வீஸ் வயர் வழியாகத் தெருவுக்குப் போகும். டிரான்ஸ்பார்மரில் பின்பக்கமாக ஏறி 11 ஆயிரம், 22 ஆயிரம் வோல்ட்டாக மாறும். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஒரு லைன்மேன் ஏறியிருப்பார். நிரலில் எத்தனை 'இஃப்' போட்டாலும் உருகி ஒட்டிய முனைக்கு அது தெரியாது. ஒன்று மூடியிருந்தால் மற்றது மூட இடமே இல்லாதபடி இரும்புத் தகடு குறுக்கே நிற்கும் மெக்கானிக்கல் இன்டர்லாக் கான்டாக்டர் ஜோடி, அல்லது கையால் திருப்பும் நான்கு போல் சேஞ்ச்-ஓவர். இந்த இரண்டைத் தவிர வேறு வழி இல்லை. அந்தக் கான்டாக்டர் ஜோடிக்கு எப்போது மாற வேண்டும் என்று சொல்லும் வேலையை உங்கள் போர்டு தாராளமாகச் செய்யலாம்.

சோலார் தகட்டுப் பக்கத்து டி.சி.யிலும் இந்த ரிலேயைக் கொண்டுபோகாதீர்கள். நம் ஏ.சி. ஒரு நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டு வருவதால் முனை பிரியும்போது வரும் பொறி அந்தப் பூஜ்யத்தில் அணைந்துவிடும். டி.சி.க்குப் பூஜ்யமே கிடையாது. மூடியிலேயே பாருங்கள், ஏ.சி.க்கு 250 வோல்ட் போட்ட இடத்தில் டி.சி.க்கு 30 வோல்ட்தான் போட்டிருப்பான். மாடியிலிருந்து இறங்கும் கம்பியில் பல நூறு வோல்ட். அங்கே பிரிந்த முனைகளுக்கு நடுவே வெல்டிங் மாதிரி நின்று எரியும்.

உங்கள் பக்கத்து ஐந்து வோல்ட் விஷயம் என்னை விட உங்களுக்கே நன்றாகத் தெரியும் என்பதால் சுருக்கிக்கொள்கிறேன். ரிலே காயிலுக்கு 70 மில்லி ஆம்பியர் வேண்டும், போர்டின் கால் 20 கொடுத்தாலே பெரிது. டிரான்சிஸ்டரும் டையோடும் இல்லாமல் நேராகக் கட்டக் கூடாது. போர்டில் 230 போகும் செப்புக் கோட்டுக்கும் 5 வோல்ட் கோட்டுக்கும் இடையில் 8 மில்லிமீட்டராவது வெற்றிடம் விடுங்கள். நம் ஊரில் அந்த வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்காது என்பதுதான் காரணம். கட்டிங் ஹாலிலும் நிட்டிங்கிலும் பறக்கும் பஞ்சுத்தூசி ஒரு மாதத்தில் போர்டின் மேல் மெத்தையாகப் படியும். மழைக்காலத்தில் ஈரம் குடிக்கும், கரண்டுக்குப் பாலம் போடும், ஒரு பொறி போதும், புகைந்துகொண்டே பரவும். பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பது பனியன் துணி. டிபன் டப்பா வேண்டாம். ரப்பர் பட்டை போட்டு மூடும் இரும்புப் பெட்டி, எர்த் கம்பியோடு.

அயர்ன் பாக்ஸுக்கும் ஃபியூசிங் மெஷின் ஹீட்டருக்கும் சாலிட் ஸ்டேட் ரிலே போடலாமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தாள். போடலாம், அடிக்கடி போட்டு எடுக்கும் ஹீட்டருக்கு அது நல்ல சாமான். ஆனால் ஒரு ஆம்பியருக்கு ஒரு வாட்டுக்கு மேல் சூடாகும், அலுமினிய ஹீட் சிங்க் கட்டாயம். கெட்டுப்போகும்போதும் பெரும்பாலும் மூடியபடியே கெடும். அதனால் அதற்கு முன்னால் ஒரு கான்டாக்டரும், சூடு அளவு மீறினால் அந்தக் கான்டாக்டரை விடவைக்கும் தனி தெர்மோஸ்டாட்டும் வை கண்ணு.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். ரிலே போர்டு நூறு ரூபாய்க்குள், கான்டாக்டரும் இரும்புப் பெட்டியும் சேர்ந்தால் பல மடங்கு. "அவன் பாதி விலைக்குக் கட்டித் தர்றானுங்களே" என்று முதலாளி சொல்வார். எனக்கும் முப்பது வருடமாகச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். 230 பக்கத்து வேலைக்கு, தகுதிச் சான்று வைத்திருக்கும் ஒரு வயர்மேனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மூளையும் அவர் கையும் சேர்ந்தால் இந்த ஊரில் யாரும் உங்களை அசைக்க முடியாது.

அந்தப் பையன் இப்போது அதே கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறான். பெட்டி கட்டிய தம்பி என் பட்டறைக்கு வாரம் இரண்டு நாள் வருகிறான். இருவரும் இதுவரை கட்டிக் கொடுத்த பெட்டிகளின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வருகிறோம். பதினொன்றில் ஏழு முடிந்திருக்கிறது. அந்த ஏழில் இரண்டு பெட்டிகளில் முனை ஏற்கனவே கருத்திருந்தது.

ஆயுத பூஜைக்கு மெஷின் எல்லாம் துடைத்துப் பொட்டு வைக்கும் நாளில் கம்பெனி நின்றிருக்கும். அன்று காலையில், நீங்கள் மாட்டிய பெட்டிகளை மெயின் இறக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். மோட்டார் கம்பி நேராக நீல ரிலேக்குள் போயிருந்தால் அதைக் கழற்றி எடுத்து வாருங்கள். என் பட்டறை அலமாரியில் சுத்தம் செய்து சோதித்து வைத்த பழைய கான்டாக்டர்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. காசு வேண்டாம். வரும்போது மோட்டார் தகட்டில் இருக்கும் எச்.பி.யையும் ஆம்பியரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பேனல்காரன்